குமாஸ்தா கோணலா, பகடை கோணலா?

கோடை விடுமுறை மதியம். வெயிலுக்குப் பயந்து கூடத்தில் கட்டம் போட்டுத் தாயம் ஆடியிருப்பீர்கள். எல்லாருக்கும் தாயம் விழுந்து காய் இறங்கிவிடும். ஒருத்தருக்கு மட்டும் விழாது. பத்துத் தடவை உருட்டுவார், பன்னிரண்டு தடவை உருட்டுவார்... கடைசியில் பித்தளைக் கட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இந்தக் கட்டையில ஏதோ கோளாறு இருக்கு!’ என்பார். உடனே பாட்டி, ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’ என்று ஆரம்பிப்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்பது சுலபம். ஆனால், கேள்வி நியாயமான கேள்வி. ஒரு கட்டை நேர்மையானதா, கோணலானதா என்று எப்படிச் சொல்வது? எத்தனை தடவை உருட்டிப் பார்த்தபிறகு குற்றம் சாட்டலாம்? பத்தா? நூறா? லட்சமா? இந்தச் சின்னக் கேள்விக்கு உருப்படியான பதில் சொல்ல ஐரோப்பாவின் மகா மூளைகளுக்கே சுமார் இருநூற்றைம்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதையில் பாவம், ஒரு குமாஸ்தாவும் மாட்டிக்கொண்டார். அவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால், வழியில் இரண்டு பேரை எட்டிப் பார்த்துவிடலாம்.

முதல் ஆள், வானத்தைத் தொலைநோக்கியால் துழாவிய நம்ம கலிலியோ. 1600-களின் முற்பகுதியில் அவரிடம் ஒரு சந்தேகம் வந்தது. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால், ஒன்பது வருவதற்கும் ஆறு வழி, பத்து வருவதற்கும் ஆறு வழி. அப்படியிருக்க, ஒன்பதைவிடப் பத்து கொஞ்சம் அதிகமாக விழுகிறதே, ஏன்? கலிலியோ பொறுமையாக எண்ணிக் காட்டினார். 3, 3, 3 விழ ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆனால், 1, 2, 6 என்பது மூன்று பகடைகளில் ஆறு விதமாக இடம் மாறி விழலாம். இப்படி எல்லாவற்றையும் கணக்கெடுத்தால், மொத்தம் 216 விதங்களில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! அதைக்கூட வெறும் கண்ணால் மோப்பம் பிடித்திருக்கிறார்கள் என்றால், எத்தனை ராத்திரி உட்கார்ந்து உருட்டியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது ஆள், பிரெஞ்சுக்காரரான ஷெவாலியே தெ மெரே. ஒரு பகடையை நாலு தடவை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். அப்படியானால், இரண்டு பகடைகளை 24 தடவை உருட்டினால் இரட்டை ஆறு விழும் என்று கட்டினாலும் லாபம்தானே வரவேண்டும்? ஆறு முகத்துக்கு நாலு என்றால், 36 ஜோடிக்கு 24. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ஆனால், அந்தப் பந்தயம் நஷ்டம்! இந்தப் புதிரை பாஸ்கல், 1654-ம் வருஷம் ஜூலை 29-ம் தேதி தன் நண்பர் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். நிகழ்தகவு என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொள்கிற பாடம், அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் முளைவிட்டது.

தெ மெரே சூதாட்டத்தில் பணத்தை இழந்து இழந்தே இதைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், முதல் பந்தயத்தில் நூற்றுக்கு சுமார் 52 தடவை ஜெயிக்கலாம், இரண்டாவதில் 49. அந்த 49 என்பது ஐம்பதுக்குக் கீழேதான் என்று அனுபவத்தில் அடித்துச் சொல்ல, சுமார் 13,500 ஆட்டம் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு 24 உருட்டல். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல்! அவ்வளவு உருட்டியிருந்தால் மனுஷருக்குக் கை கழன்றிருக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் அவருக்கு முரண்பாடு தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

கணக்கு ஒன்று சொல்லும், கை உருட்டுவது வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் அது சகஜம், எவ்வளவு இருந்தால் சந்தேகம்? இந்த இடத்தில்தான் நம் குமாஸ்தா வருகிறார்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வெல்டன் என்று ஒரு விலங்கியல் பேராசிரியர். நண்டு ஆராய்ச்சிக்காரர். பிளைமவுத் நண்டு, நேப்பிள்ஸ் நண்டு என்று ஓடுகளைப் பிடித்துவைத்து அளந்தவர். நேப்பிள்ஸில் மட்டும் ஆயிரம் பெண் நண்டுகளை அளந்து தள்ளினார். டார்வின் சொன்னபடி இயற்கை பொறுக்கியெடுக்கிறது என்றால், அதன் தடயம் அளவுகளில் தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால், ஒரு சிக்கல். இந்த நண்டுக் கூட்டமும் அந்த நண்டுக் கூட்டமும் வித்தியாசப்படுகிறது என்றால், அது இயற்கையின் வேலையா, சும்மா தற்செயலா? தற்செயலாக எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று முதலில் தெரிய வேண்டாமா?

வெல்டன் பகடையைக் கையில் எடுத்தார். ஒன்று அல்ல, பன்னிரண்டு. பன்னிரண்டையும் ஒன்றாகக் குலுக்கிப் போட்டு, எத்தனை பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். மறுபடி குலுக்கு, எண்ணு, எழுது. இப்படி எத்தனை தடவை தெரியுமா? 26,306 தடவை! அதாவது 3,15,672 பகடைகள். ஒரு குலுக்கலுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும், தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 55 நாள் ஆகும். தனியாளாக எப்படி முடியும்? இதில் 7,006 குலுக்கலை ஒரு குமாஸ்தா செய்து கொடுத்தார். நம்பகமான ஆள், கவனமான ஆள் என்பது வெல்டன் அவருக்குக் கொடுத்த நற்சான்று.

1894 பிப்ரவரியில் வெல்டனின் நண்பர் கார்ல் பியர்சனுக்கு ஒரு சொற்பொழிவுக்காக அவசரமாகப் பகடைக் கணக்கு தேவைப்பட்டது. குமாஸ்தாவின் ஏட்டைக் கொடுத்தார்கள். பியர்சன் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இது நம்புகிற மாதிரி இல்லை’ என்று ஒதுக்கிவிட்டார். கணக்குப்படி வரவேண்டியதற்கும் ஏட்டில் வந்திருப்பதற்கும் அவ்வளவு தூரமாம். வெல்டன் சங்கடத்தோடு, கால்டன் என்ற மூத்த அறிஞருக்குக் கடிதம் எழுதி அபிப்பிராயம் கேட்டார்.

அந்தக் குமாஸ்தாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஏழாயிரம் தடவை பன்னிரண்டு பகடையைக் குலுக்கி, குனிந்து குனிந்து எண்ணி, ஏட்டில் ஏற்றியிருக்கிறார். கடைசியில் கிடைத்தது, ‘இப்படியெல்லாம் விழாதே’ என்ற தீர்ப்பு. அலட்சியமாக எண்ணினாரா, உருட்டாமலே எழுதினாரா என்றுதானே யாருக்கும் தோன்றும்? பகடையின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதற்கு முன்னால், சம்பளக்கார மனுஷனின்மேல் வந்துவிட்டது. பெயர்கூட இல்லாத ஒருவரின் நாணயம், பகடைப் புள்ளிகளில் ஊசலாடியது.

ஆறு வருஷம் கழித்து, 1900-ல் அதே பியர்சன் ஒரு புது ஆயுதத்தோடு வந்தார். கை-ஸ்கொயர் சோதனை. கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வியர்க்கும். விஷயம் எளிமையானது. எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளிகளை எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக்கி, ‘தற்செயலாக இவ்வளவு தூரம் விலக எவ்வளவு வாய்ப்பு?’ என்று கேட்பது. அந்தக் கட்டுரையில் முதல் பரிசோதனைப் பொருளாக அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று வெல்டனின் முழு ஏடு. 26,306 குலுக்கலும்தான்! விடை: பகடைகள் நேர்மையானவை என்று வைத்துக்கொண்டால், இப்படி நடக்காமல் இருப்பதற்கே 62,499-க்கு 1 என்ற கணக்கில் சாத்தியம். இந்தப் பகடைகள் பெரிய எண்களின் பக்கம் சாய்கின்றன என்று எழுதினார் பியர்சன்.

ஆக, பழி ஆளைவிட்டுப் பகடைமேல் போனது. காரணமும் பின்னால் சொன்னார்கள். அந்தக் காலப் பகடைகளில் புள்ளிகளைக் குழியாகத் தோண்டுவார்கள். ஆறு குழி தோண்டிய முகம் கொஞ்சம் இளைத்துவிடும். அதற்கு நேர் எதிரே ஒரே குழி இருக்கும் முகம் கனமாகத் தங்கிவிடும். கனமான பக்கம் கீழே போகும். ஆறு மேலே வரும். ஐந்துக்கு எதிரே இரண்டு. அங்கேயும் அதே கதைதான்.

இதை இன்று நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். பகடை வேண்டாம், கம்ப்யூட்டர் போதும். நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் ஆரம்பத்தில் ‘ஆர்’ என்று ஒரு கணினி மொழியை எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-ல் பிறந்த ‘எஸ்’ என்ற மொழிக்குத் தம்பி. இரண்டு பேர் பெயருமே ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிப்பதால் அந்தப் பெயர். அண்ணன் பெயர் ஒற்றை எழுத்து என்பதால் ஒரு குறும்பும்கூட. 1995-ல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள்.

அதில் ‘சாம்பிள்’ என்று ஒரு ஆணை உண்டு. ஒன்று முதல் ஆறு வரை எழுதிய சீட்டுகளை ஒரு குடத்தில் போட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இத்தனை சீட்டு எடு என்று சொல்ல வேண்டும். எடுத்ததைத் திரும்பக் குடத்துக்குள் போட்டுவிடு என்றும் மறக்காமல் சொல்ல வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். திரும்பப் போடச் சொல்லாவிட்டால் ஆறே சீட்டில் குடம் காலி. ஏழாவதுக்கு ஆர் கையை விரித்துவிடும். சரியாகச் சொன்னால், வெல்டனும் குமாஸ்தாவும் சேர்ந்து உருட்டிய 3,15,672 பகடையையும் நீங்கள் கண்ணிமைப்பதற்குள் உருட்டிக் கொடுத்துவிடும். ‘டேபிள்’ என்றால் எந்த முகம் எத்தனை தடவை என்று எண்ணித் தரும். ‘ரெப்ளிகேட்’ என்றால் மொத்தப் பரிசோதனையையும் ஆயிரம் தடவை திரும்பச் செய்யும். ஆயிரம் வெல்டன்கள், ஆயிரம் குமாஸ்தாக்கள்!

நேர்மையான பகடையாக இருந்தால் ஐந்தோ ஆறோ 1,05,224 தடவை விழ வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதையே தராது. சில முறை நூறு கூடும், சில முறை முந்நூறு குறையும். 530-க்கு மேல் விலகுவது நூற்றில் ஐந்து தடவைதான். வெல்டனின் ஏட்டில் இருந்தது 1,06,602. அதாவது 1,378 அதிகம்! நேர்மையான பகடையில் இவ்வளவு விலகல் வர ஐம்பது லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஆயிரம் தடவை ஓட்டினாலும் உங்கள் திரையில் அது எட்டிப் பார்ப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

சரி, இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் விடமாட்டேன். வெல்டனின் பகடை கோணல் என்று தீர்ப்புச் சொல்ல வந்த இந்தக் கம்ப்யூட்டர் பகடை மட்டும் என்ன ஹரிச்சந்திரனா?

இல்லை என்பதுதான் வேடிக்கை! கம்ப்யூட்டர் எதையும் உருட்டுவதில்லை, கணக்குப் போடுகிறது. இந்த வித்தையின் தாய்வீடு, அணுகுண்டு பிறந்த லாஸ் அலமாஸ். 1946-ல் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை, தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் தலை சுற்றியது. பேசாமல் நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிடலாமே என்று தோன்றியது. நியூட்ரான்களின் போக்கையும் இப்படியே கம்ப்யூட்டரில் ஆடிப் பார்க்கலாமே என்று நண்பர் வான் நாய்மனிடம் சொன்னார். மான்டி கார்லோ முறை என்று சூதாட்ட நகரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஆட்டத்துக்குத் தற்செயல் எண்கள் வேண்டுமே? வான் நாய்மன் ஒரு குறுக்குவழி சொன்னார். நாலு இலக்க எண் ஒன்றை எடு. அதை அதாலேயே பெருக்கு. வரும் எட்டு இலக்கத்தில் நடு நாலை எடு. மறுபடி பெருக்கு. 1234-ல் ஆரம்பித்தால் 5227, பிறகு 3215, பிறகு 3362... கன்னாபின்னாவென்று போகிறதல்லவா? இப்போது 2100-ல் ஆரம்பித்துப் பாருங்கள். 4100, 8100, 6100, மறுபடி 2100! செக்குமாடு மாதிரி அதே நாலு எண்கள். கணக்குப் போட்டுத் தற்செயலை உண்டாக்குகிறவன் பாவி என்கிற ரீதியில் வான் நாய்மனே கிண்டலடித்தார்.

அடுத்த அசடு இன்னும் பெரியது. 1960-களில் ஐபிஎம் கம்ப்யூட்டர்களில் ‘ரேண்டு’ என்று ஒரு எண் உற்பத்தி முறை ஊரெல்லாம் பரவியது. விஞ்ஞானிகள் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பி ஆராய்ச்சிகள் செய்தார்கள். பிறகுதான் குட்டு உடைந்தது. அதன் எண்களை மூன்று மூன்றாக எடுத்து ஓர் அறைக்குள் புள்ளிகளாக வைத்தால், அவை அறை முழுக்கச் சிதறாமல், அடுக்கிவைத்த அப்பளம் மாதிரி 15 தளங்களில் மட்டும் உட்கார்ந்திருந்தன! ஆர் மொழியில் அந்த எண்களின் ஒரு தொகுதியை ‘ரேண்டு’ என்ற பெயரிலேயே இன்றும் வைத்திருக்கிறார்கள். மறந்துவிடாமல் இருக்க.

ஆர் இப்போது பயன்படுத்துவது, ஜப்பானியர்களான மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1997-ல் உருவாக்கிய ‘மெர்சென் ட்விஸ்டர்’. இதுவும் ஒருநாள் செக்குமாடு மாதிரி ஆரம்பித்த இடத்துக்கே வரும். ஆனால், அதற்கு முன் அது தரும் எண்களின் எண்ணிக்கையை எழுதவே 6,002 இலக்கங்கள் வேண்டும். அதுவரை நாம் இருக்கப்போவதில்லை.

இவ்வளவு இருந்தும் 2019 வரை ‘சாம்பிள்’ ஆணையில் ஒரு நூலிழை ஓரவஞ்சனை இருந்தது. நானூறு கோடிக்கும் மேலான எண்களை ஆறு பேருக்குப் பங்கு வைத்தால் நாலு மிச்சம் வரும். அந்த மிச்சம் யாருக்குப் போனாலும் அநியாயம்தானே? ஆறு முகப் பகடைக்கு இது தூசு. கோடிக்கணக்கான சீட்டுள்ள குடம் என்றால் தூசு இல்லை. 3.6.0 என்ற பதிப்பில் சரிசெய்தார்கள். எப்படி? சைபர் முதல் ஏழு வரை ஒரு எண்ணை எடுப்பது. ஆறோ ஏழோ வந்தால் செல்லாது, மறுபடி உருட்டு. கட்டை கட்டிலுக்கடியில் ஓடிவிட்டால் நாம் சொல்வோமே, அதே சட்டம்!

கம்ப்யூட்டர் பகடைக்கு ஒரு பெரிய குணம் உண்டு. ‘செட் சீட்’ என்று சொல்லி ஓர் எண்ணை விதையாகக் கொடுத்தால், அதே வரிசை அப்படியே திரும்ப வரும். சென்னையில் நீங்கள் உருட்டியதை, அதே பதிப்பு ஆரில், அதே விதையோடு லண்டனில் ஒருவர் எண் பிசகாமல் உருட்டலாம். பாவம், அந்தக் குமாஸ்தாவுக்கு இந்த வசதி இல்லை. ‘சந்தேகமா? நீங்களே பாருங்கள்’ என்று அவரால் ஏழாயிரம் குலுக்கலைத் திரும்பக் காட்ட முடியவில்லை. அவரிடம் இருந்தது ஒரு ஏடு, ஒரு நற்பெயர். அவ்வளவுதான்.

2009-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் பெட்டிக்குள் பன்னிரண்டு பகடைகளைக் குலுக்கவும், கேமராவால் படமெடுத்து எண்ணவும் ஒரு கருவி செய்து, அதே 26,306 குலுக்கலைச் சுமார் ஒரு வாரத்தில் முடித்தார். அவருடைய பகடைகளில் ஐந்தும் ஆறும் சேர்ந்து சந்தேகப்படும்படி கூடவில்லை. ஆனால், ஒன்றும் ஆறும் தனித்தனியே கொஞ்சம் அதிகம் விழுந்தன. அளந்து பார்த்தால், அந்த இரண்டு முகங்களுக்கு இடையிலான தூரம் மற்றவற்றைவிட ஆயிரத்தில் இரண்டு பங்கு குட்டை! தட்டையான கல் படுத்துக்கொள்ளத்தானே பார்க்கும்?

கவனித்தீர்களா? கோணல் இருக்கிறது என்று சொன்னது கணக்கு. எங்கே இருக்கிறது என்று சொன்னது அளவுகோல். கணக்கு ஒருபோதும் ஆளைக் கைகாட்டுவதில்லை. குமாஸ்தாவா, குழி தோண்டிய பகடையா, அப்பளம் அடுக்கிய கம்ப்யூட்டரா என்று தேடிப் பார்ப்பது நம் வேலை. அந்த வேலைக்குச் சோம்பல்பட்டால், பழி எப்போதும் இருப்பதிலேயே எளியவர் தலையில்தான் விழும். கடையில் கல்லாப் பணம் குறைந்தால் முதலில் பையனைத்தானே பார்க்கிறோம்?

கடைசியாக, கூடத்தில் தாயம் விழாமல் தவிக்கிறவருக்கு ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நாலு முகமுள்ள கட்டைகள் இரண்டை உருட்டினால், தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு தடவை உருட்டியும் விழாமல் போக ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதாவது, ஐந்து பேர் ஆடினால் சராசரியாக ஒருத்தருக்கு இந்தக் கதி நேர்ந்தே தீரும். கட்டையும் கோணல் இல்லை, கூடமும் கோணல் இல்லை, ஆடுகிறவரும் கோணல் இல்லை.

பேசாமல் இன்னொரு தடவை உருட்டச் சொல்லுங்கள்!